விட்ட பயிற்சியை மீண்டும் தொடங்குதல்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குப் பின் ஊர்திகள் செல்வதில்லை. மறுநாள் காலை 7.30 மணி வரை அச்சாலை நடப்போர்க்கே உரியது. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில், காந்தியடிகள் சிலையின் பக்கத்திலும் பழைய கலங்கரை விளக்கத்தின் பக்கத்திலும் வைகறையில் நின்று பார்த்தால், தனியே நடப்போரையும் காணலாம்; கூட்டமாக நடப்போரையும், வரிசையில் நின்று கைகால் வீசுவோரையும் காணலாம். இத்தகைய கூட்டம் எதனையும் சில திங்கள் தொடர்ந்து கவனித்து வந்தால் ஓர் உண்மை புலப்படும். தொடங்குவோர் பலர், இடையில் விட்டுவிடுவோரும் பலர், விட்ட பின் திரும்பி வருவோர் சிலரே.

பயிற்சி நின்று போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. மாணவர்க்குத் தேர்வு வரும், காய்ச்சல் வரும், கால் சுளுக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் திறந்த வெளியில் ஆடும் ஆட்டமெல்லாம் நின்றுவிடும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, கூடிச் செய்யும் பயிற்சி அத்தனையும் ஒரே நாளில் நின்று போயிற்று. நிற்பது இயல்பு. திரும்பி வருவதுதான் ஏன் இவ்வளவு அரிதாகிறது? சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆயினும் அது முழு உண்மையன்று. மூன்று திங்கள் கழித்து மைதானத்தின் வாயில் வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிச் செல்லும் இளைஞனைச் சோம்பேறி என்று கூற இயலாது. அவன் இரண்டு பொருள்களுக்கு அஞ்சுகிறான். ஒன்று, உடல் நோவு. மற்றொன்று, உடன் பயில்வோர் கண்முன் பின்தங்கி நிற்கும் நாணம். இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. நாணத்தை மறைக்க அளவுக்கு மீறி உழைத்தால் நோவு மிகும். நோவு மிகுந்தால் மறுநாள் வர முடியாது. வராவிட்டால் நாணம் இன்னும் பெருகும்.

முதலில் உடலைப் பற்றிக் கூறுகிறேன். பயிற்சியை விட்டவுடன் உடல் தன் ஆற்றல்களை ஒரே சீராக இழப்பதில்லை. முதலில் குறைவது குருதியின் நீர்ப்பகுதி. நன்கு பயின்ற ஒருவர் ஓய்ந்திருந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் அவர் குருதியின் அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. குருதி குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அனுப்பும் அளவு குறையும்; அந்தக் குறையை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்க வேண்டியதாகும். நெடுநாள் கழித்து ஓடத் தொடங்குபவர் ஒரு சுற்று முடிவதற்குள் இரைக்க இரைக்க மூச்சு விடுவதற்கு இது முதற்காரணம். தசையின் வலிமையோ அவ்வளவு விரைவில் குறைவதில்லை. மூன்று நான்கு வாரம் வரை பெரும்பாலும் நிலைத்து நிற்கும். கற்ற கலையின் நுட்பம் இதனினும் நெடுநாள் நிற்கும். சிலம்பம் பயின்ற கை பல ஆண்டு கழித்துக் கழியைத் தொட்டாலும் வீச்சின் முறையை மறப்பதில்லை.

இதயமும் நுரையீரலும் இழக்கும் ஆற்றல் எவ்வளவு என்பதைக் காட்டும் ஆராய்ச்சி ஒன்று அமெரிக்க நாட்டு டல்லாசு நகரில் 1966-இல் நடைபெற்றது. இருபது வயதுடைய நலமிக்க இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் கிடக்கச் செய்யப்பட்டனர். பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களுடைய உச்ச ஆற்றல் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்தது. பின்னர் எட்டு வாரப் பயிற்சியில் இழந்ததைப் பெற்று, அதனை விஞ்சியும் சென்றனர். கதை இத்துடன் முடியவில்லை. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரும் மீண்டும் ஆராயப்பட்டனர். முப்பது ஆண்டு மூப்பு அவர்களிடமிருந்து கவர்ந்துகொண்ட ஆற்றல், இளமையில் மூன்று வாரப் படுக்கை கவர்ந்துகொண்டதைவிடக் குறைவாகவே இருந்தது! நடை, மெல்லோட்டம், மிதிவண்டி என்று ஆறு திங்கள் படிப்படியாகப் பயின்ற பின், இருபது வயதில் பயிற்சி தொடங்குமுன் இருந்த நிலையை அவர்கள் எய்தினர். இளமையில் எட்டு வாரப் பயிற்சிக்குப் பின் எய்திய உச்சியை மட்டும் எய்த முடியவில்லை. ஐவரை மட்டும் கொண்டு செய்த ஆராய்ச்சி என்பது உண்மையே. எனினும், ‘இனி எனக்கு வராது’ என்று முப்பது வயதிலேயே கூறுவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

தசையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பயிற்சியால் தசை பெருக்கும்போது அதன் இழைகளுக்குள் உட்கருக்களின் எண்ணிக்கை மிகுகிறது. நார்வே நாட்டு ஆசுலோ நகர ஆராய்ச்சியாளர் 2010-இல் எலிகளிடம் கண்டது என்னவென்றால், தசை மெலிந்த பின்னும் அவ்வுட்கருக்கள் அழியாமல் நின்றன என்பது. முன்பு பயின்றவர் புதியவரைவிட விரைவில் தேறுவதற்கு இது காரணமாகலாம் என்று கருதுகின்றனர். மனிதரிடத்தும் அவ்வாறே நிகழ்கிறதா என்பதில் அறிஞரிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

இவையெல்லாம் நம்பிக்கை தரும் செய்திகள். ஆனால் இவற்றுள்ளேயே இடர் ஒன்று மறைந்து கிடக்கிறது. நினைவு மாறாமல் இருக்கிறது. நுட்பம் மாறாமல் இருக்கிறது. வலிமையும் ஓரளவு இருக்கிறது. தாங்கும் ஆற்றலோ போய்விட்டது. புதிதாகத் தொடங்குபவன் தன் அளவை அறியாதவன். ஆகையால் அஞ்சி அஞ்சித் தொடங்குவான். திரும்பி வருபவனோ தன் பழைய அளவை நன்கு அறிந்தவன். அந்த அளவிலேயே தொடங்குகிறான். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண், தசையைக் காட்டிலும் மெதுவாகவே உரம் பெறும் இயல்புடையது. தசை ஒப்புக்கொண்ட சுமையைத் தசைநாண் ஒப்புக்கொள்ளாமல், குதிகாலிலும் முழங்காலிலும் வலி தோன்றுவது இதனால்தான்.

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள் ஒன்றை அறிந்திருப்பார்கள். இராசகிரியின் மீது ஏறும்போது மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை நோவது ஏறியதால் அன்று, பெரும்பாலும் இறங்கியதால். இறங்கும்போது தொடைத் தசை உடலின் சுமையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. சுருங்கி உழைப்பதைவிட, சுமையோடு நீளும்போதுதான் தசையின் நுண்ணிழைகள் மிகுதியாகச் சிதைகின்றன. அந்நோவு ஒரு நாள் கழித்துத் தலைகாட்டி, இரண்டு மூன்று நாளில் உச்சத்தை அடைந்து, பின்னர் தணியும். அதே மலையில் இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஏறி இறங்கினால் நோவு பெரிதும் குறைந்திருக்கும். ஒருமுறை சிறிதளவு சிதைந்த தசை, அடுத்த முறைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. திரும்பி வருபவர்க்கு இதனினும் பயனுள்ள செய்தி வேறில்லை என்றே கூறுவேன். முதல் நாள் மிகச் சிறிதளவு செய்தாலும் அது வீண் அன்று. அச்சிறிதளவே பின்வரும் நாள்களுக்குக் காப்பாகிறது.

பஸ்கி போடும்போது உடல் கீழே தாழ்வதும் மலை இறங்குவதைப் போன்றதே. இங்கேதான் நம் மைதானங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பல நாள் வராதிருந்து வந்தவனுக்கு நூறு தோப்புக்கரணம், நூறு பஸ்கி என்று தண்டனை விதிப்பது அவ்வழக்கம். பயிற்சி தருவோர் இதனைக் கட்டுப்பாடு என்று கருதுகின்றனர். சுற்றி நிற்போர் எண்ணிக்கையைக் கூவி மகிழ்கின்றனர். நல்லெண்ணத்தால் விதிப்பவர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உடலியல் நோக்கில், நெடுநாள் ஓய்ந்திருந்த ஒருவனுக்குச் செய்யத் தகாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இதனைவிடப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது அரிது.

2011-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அப்பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் குழுவினர், குளிர்கால விடுமுறை கழிந்து திரும்பியவுடன், தோளில் பளு ஏற்றி நூறு முறை உட்கார்ந்து எழும் பயிற்சியில் ஈடுபட்டனர். நேரமும் கணக்கிடப்பட்டது. சில நாளுக்குள் வலிமை மிக்க அவ்விளைஞருள் 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் நோஞ்சான்கள் அல்லர். நாட்டின் முன்னணி ஆட்டக்காரருடன் மோதுபவர்கள். அளவு மீறிச் சிதைந்த தசையிலிருந்து வெளிப்பட்ட புரதப்பொருள் குருதியில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கியது. இந்நோயின் அடையாளம் எளிதில் அறியத்தக்கது. தசை வீங்கி விறைக்கும். நோவு வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக இருக்கும். சிறுநீர் பால் கலவாத கடுந்தேநீரின் நிறம் கொள்ளும். இந்நிறத்தைக் கண்டவர் நாணமோ அச்சமோ கொள்ளாமல் அன்றே மருத்துவரை அடைய வேண்டும். வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருத்தல் கூடாது.

அப்படியானால் தனியே பயில்வதுதான் நலமோ என்று கேட்கலாம். அன்று. கூட்டத்துக்கு வேறெதற்கும் இல்லாத ஈர்ப்பு உண்டு. மிதிவண்டி ஓட்டுவோர் தனியே ஓட்டுவதைவிடப் பிறருடன் ஓட்டும்போது விரைவு மிகுதியாவதை 1898-இலேயே நார்மன் டிரிப்ளெட்டு என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். இதனினும் நமக்கு நெருக்கமானது, செருமானிய அறிஞர் ஓட்டோ கோலர் 1920-களில் பெர்லின் நகரப் படகுக் கழகத்தாரைக் கொண்டு செய்த ஆய்வு. பளு ஒன்றைத் தனியே தூக்கிக்கொண்டிருக்கும்படி முதலில் செய்தார். பின்னர் இருவரை இணைத்து, இரட்டைப் பளுவைச் சேர்ந்து தூக்கச் செய்தார். இருவருள் ஒருவர் கைவிட்டால் இருவர் வேலையும் நின்றுவிடும். அந்நிலையில், வலிமை குறைந்தவர் தாம் தனியே தாங்கியதைவிட நெடுநேரம் தாங்கினார். தம்மால் பிறர் தோற்கக் கூடாது என்ற எண்ணமே அவருக்கு வலிமையாயிற்று. ஆனால் கோலர் மற்றொன்றையும் கண்டார். இருவருக்கும் உள்ள வேறுபாடு நடுத்தரமாக இருந்தபோதுதான் இந்நன்மை மிகுந்தது. வேறுபாடு மிகப் பெரிதானபோதும், வேறுபாடே இல்லாதபோதும் அது குறைந்தது.

ஆகவே, திரும்பி வருபவரை எவரோடு நிறுத்துவது என்பது பயிற்சி தருவோர் தீர்மானிக்க வேண்டிய செய்தி. குழுவின் முதல் ஆட்டக்காரன் பக்கத்தில் நிறுத்தினால் அவர் மனம் உடையும். அன்றி, போட்டியிட்டு உடலைக் கெடுத்துக்கொள்வார். சற்றே மேம்பட்டவர் ஒருவர் பக்கத்தில் நிறுத்துவதே முறை. எந்த ஈர்ப்பு அவரை வாயில் தாண்டி உள்ளே அழைத்ததோ, அந்த ஈர்ப்பே அளவு கடந்தால் அவரை மருத்துவமனைக்கு அனுப்பும். இரண்டும் கூட்டத்தின் கையில்தான் இருக்கின்றன.

இதனை நன்கு உணர்ந்து அமைந்த ஏற்பாடு ஒன்று புதுச்சேரியிலேயே உண்டு. கூடிப் பயிலும் வழக்கம் இவ்வூருக்குப் புதிதன்று. 1910-இல் இங்கு வந்து சேர்ந்த வ. வே. சு. ஐயர், நாட்டு விடுதலைக்கு உழைப்போர்க்கு உடல் வலிமை இன்றியமையாதது என்று கருதி இளைஞரைத் தேகப்பயிற்சியில் ஈடுபடுத்தினார். ஆனால் எல்லா வயதினர்க்கும் உரியதாக, ஆண்டு முழுவதும் நடைபெறும் ஒழுங்கான அமைப்பாக அது உருவெடுத்தது அரவிந்தர் ஆசிரமத்தில்தான். அங்கே 1943-ஆம் ஆண்டு திசம்பர் 2-ஆம் நாள் பள்ளி தொடங்கப்பட்டது. 1945-இல் சிறுவர் சிலரைக் கொண்டு உடற்பயிற்சி தொடங்கிற்று. பிரணவ் குமார் பட்டாச்சாரியா அதனைத் தலைமையேற்று நடத்தினார். நாளடைவில் சிறுவர் மட்டுமன்றி, இளமையில் விட்ட ஆட்டத்தைப் பல ஆண்டு தொடாதிருந்த நடுவயதினரும் முதியோரும் சேர்ந்தனர். பெண்களும் அரைக்கால் சட்டை அணிந்து வரிசையில் நின்றனர். அந்நாளில் அது பலருக்கு வியப்பளித்தது. 1878-இல் பிறந்த அன்னை, எழுபது வயதைக் கடந்த பின்னும் கடலோரத்து ஆடுகளத்தில் டென்னிசு ஆடினார்.

யோக நெறிக்கும் மைதானத்துக்கும் என்ன தொடர்பு என்று அந்நாளில் வினவியோரும் இருந்தனர். 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் ஆசிரமம் ஒரு காலாண்டிதழைத் தொடங்கிற்று. அதன் பெயரே உடற்பயிற்சி இதழ் என்பதுதான். அரவிந்தர் 1950 திசம்பரில் மறைவதற்கு முன் எழுதிய இறுதி உரைநடைக் கட்டுரைகள் அவ்விதழில்தான் வெளிவந்தன. உடலின் நிறைவைப் பற்றிய கட்டுரையும் அவற்றுள் ஒன்று. அவர் எழுதியது ஏட்டறிவால் மட்டும் அன்று. அறையிலேயே நெடுநேரம் நடக்கும் பழக்கமுடைய அவர், 1938 நவம்பர் 24-ஆம் நாள் விடியற்காலை இடறி விழுந்து தொடையெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். பின்னர் பிறர் துணையுடன் சிறிது சிறிதாக நடை பழக வேண்டியவரானார்.

ஆசிரமத்து அமைப்பில் நாம் கவனிக்க வேண்டியது இது. பயில்வோர் அனைவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுவதில்லை. வயதையும் ஆற்றலையும் நோக்கிக் குழுக்கள் வகுக்கப்படுகின்றன. குழுவுக்கு ஒரு நிறம் உண்டு. ஒரு குழுவில் இருப்பவர் மற்றொரு குழுவினரைவிடத் தாழ்ந்தவர் என்ற கருத்துக்கு அங்கே இடமில்லை. ஆண்டுதோறும் திசம்பர் 2-ஆம் நாள் விளையாட்டு மைதானத்தில் நடைபெறும் காட்சியில் சிறுவரும் நரைத்த தலையினரும் தத்தம் குழுவின் உடையில் தோன்றுவதே வழக்கம். ஆற்றலுக்கேற்ற குழு ஒன்று முன்னரே அமைந்திருக்குமானால், நெடுநாள் கழித்து வருபவர் எங்கே நிற்பது என்று தயங்க வேண்டியதில்லை. பிற மைதானங்களில் இத்தனை குழு வகுக்க ஆள் இராது என்பது உண்மைதான். இருபது பேர் உள்ள சிலம்பக் கூடத்தில் இரண்டு வரிசையேனும் அமைக்கலாமன்றோ? இரண்டாம் வரிசை புதியவர்க்கு மட்டும் உரியது என்றில்லாமல், தேர்வு முடித்து வந்தவரும், காய்ச்சலில் கிடந்து வந்தவரும், ஏன், முன்னாள் சட்டாம்பிள்ளையும் ஒரு திங்கள் நின்று செல்லும் இடமாக இருந்தால், அங்கே நிற்பதில் எவர்க்கும் இழுக்கு ஏற்படாது.

அந்த ஒரு திங்களுக்கு அளவு என்ன? அமெரிக்க நாட்டு உடற்பயிற்சி ஆசிரியர் சங்கங்கள் 2019-இல் கூடி ஒரு வரம்பை வெளியிட்டன. கல்லூரிக் குழுக்களில் விடுமுறைக்குப் பின் ஏற்பட்ட உயிரிழப்புகளே அதற்குத் தூண்டுகோல். புதிதாகச் சேர்பவர்க்கு, முழு அளவினின்றும் முதல் வாரத்தில் நூற்றுக்கு 50 பங்கும், இரண்டாம் வாரத்தில் 30 பங்கும், மூன்றாம் வாரத்தில் 20 பங்கும், நான்காம் வாரத்தில் 10 பங்கும் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறிது காலமே ஓய்ந்திருந்தவர்க்கு முதல் இரண்டு வாரக் குறைப்பு போதும். நெடுங்காலம் ஓய்ந்திருந்தவர் புதியவரைப் போலவே தொடங்குவது நலம். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடும் வழக்கமுடையவர் முதல் வாரம் ஐந்து சுற்றோடு நின்று, மற்றவர் ஓடி முடிக்கும் வரை நடந்துகொண்டிருக்கலாம். தொடக்கத்தில் உழைக்கும் நேரத்தைப்போல் நான்கு மடங்கு நேரம் இடையிடையே ஓய்வு வேண்டும் என்றும் அவ்வரம்பு கூறுகிறது. ஓய்வு என்றதும் முகம் சுளிக்கும் ஆசிரியர் உண்டு. அவ்வோய்வு நேரத்தில் திரும்பி வந்தவர் பிறர் வீச்சை எண்ணலாம். கர்லாக்கட்டையை எடுத்துக் கொடுக்கலாம். கூட்டத்தோடு இருப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. நெஞ்சு நோய், நீரிழிவு, கடுங்காய்ச்சல் இவற்றுள் ஒன்றால் பயிற்சியை விட்டவர் மட்டும் மருத்துவரைக் கண்ட பின்னரே வரவேண்டும்.

நம் ஊருக்கே உரிய மற்றோர் இடர் வெப்பம். வெயிலில் பயின்று பழகிய உடல் விரைவில் வியர்க்கவும், வியர்வையில் உப்பைச் சிக்கனமாகச் செலவிடவும் கற்றுக்கொள்கிறது. குளிர்ந்த அறையில் இருந்து படித்தவரிடம் இப்பழக்கம் ஏறத்தாழ ஒரு திங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். திரும்பப் பெறுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வரை ஆகும். கடலை ஒட்டிய புதுச்சேரியில் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை வழிந்து ஓடுவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாக வேண்டும். ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. கோடையில் கடற்காற்று எழுவதற்குத் தாமதமாகும் நாள்களில் இது மிகவும் கொடிது. ஆகையால் முதல் இரண்டு வாரம் பயிற்சி காலை 7 மணிக்குள் முடிவதே நன்று. பயிற்சியின் நடுவே ஒருவர் தள்ளாடினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, மயங்கி விழுந்தாலோ, உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி விசிற வேண்டும். ஊர்தி வரும் வரை காத்திருத்தல் கூடாது. உடலைக் குளிர்வித்தல் முதல் வேலை. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் அதற்கு அடுத்தது. இதற்காக மைதானத்தின் ஓரத்தில் இரண்டு குடம் நீரையும் சில துண்டுகளையும், பயிற்சி தொடங்குமுன்பே எடுத்து வைத்திருத்தல் வேண்டும்.